பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுப்பது: ஹேர் டிரையரும் பனிக்கட்டியும் போதுமா?

கேள்வி, ஜனவரி 9

பக்கத்தில் நின்ற காரின் கதவு இடித்து, என் காரின் பின் கதவில் பெரிய நாணயம் அளவுக்கு ஒடுக்கு விழுந்திருக்கிறது. பெயின்ட் உரியவில்லை, கீறலும் இல்லை. ஹேர் டிரையரால் சூடேற்றி, உடனே பனிக்கட்டியை வைத்துத் தேய்த்தால் தகடு சுருங்கித் தானாக வெளியே வந்துவிடும் என்று பல காணொளிகளில் காட்டுகிறார்கள். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பூசிப் பெயின்ட் அடிக்காமல் இதை நாமே சரிசெய்துவிடலாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பதில், ஜனவரி 9, இரவு

கருத்தின் இரண்டாம் பாதி சரி, முதல் பாதி தவறு. பெயின்ட் அடிக்காமல் எடுக்கலாம். ஹேர் டிரையரால் எடுக்க முடியாது.

காரணம் கேட்டிருப்பதால் கணக்காகவே சொல்கிறேன். 50 மி.மீ. அகலமும் 2 மி.மீ. ஆழமும் உள்ள ஓர் ஒடுக்கை எடுத்துக்கொள்வோம். சமமாக இருந்த தகடு அங்கே வில்லாக வளைந்துவிட்டதால், அந்த அகலத்துக்குள் அதன் நீளம் ஏறத்தாழ 0.2 மி.மீ. கூடியிருக்கும். அதாவது 0.4 சதவீத நீட்சி. மென்மையான எஃகுத் தகடு 0.1 சதவீதத்தை ஒட்டிய நீட்சி வரைதான் ரப்பரைப் போலத் திரும்பி வரும். அதைத் தாண்டிவிட்டால் புதிய வடிவமே அதன் சொந்த வடிவமாகிவிடும். இப்போது அதே 50 மி.மீ. தகட்டை 60 டிகிரி கூடுதலாகச் சூடேற்றுங்கள். அது விரிவது 0.036 மி.மீ. மட்டுமே. பனிக்கட்டி வைத்ததும் விரிந்த அதே அளவு சுருங்கிப் பழைய இடத்துக்குத் திரும்பும். 0.2 மி.மீ. கடனை 0.036 மி.மீ. வைத்து அடைக்க முடியாது, அதுவும் கையில் வாங்கிய மறுநொடியே திருப்பிக் கொடுத்துவிடும்போது.

இன்னொன்று. பெயின்ட் பூசிய கார் உடற்கூடு தொழிற்சாலைச் சூளையில் 170 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஏறத்தாழ 20 நிமிடம் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. பல கார்களின் வெளித்தகடு அந்தச் சூட்டிலேயே இன்னும் உறுதியாகும்படி தயாரிக்கப்பட்ட எஃகு. பிறந்தபோதே அவ்வளவு வெப்பத்தைப் பார்த்த தகடு ஹேர் டிரையரைக் கண்டு இளகப்போவதில்லை.

ஜனவரி 10

கடினமான பணி தொடங்குவது மேலே சொன்ன கணக்குக்குப் பிறகுதான். ஒடுக்கு என்றால் எல்லோரும் பள்ளத்தை மட்டுமே பார்க்கிறோம். பள்ளத்தைச் சுற்றி ஒரு மெல்லிய மேடு எழும்பியிருக்கும்; கண்ணுக்கு அது எளிதில் தெரியாது, உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும். மெல்லிய துணியைக் கைக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்துக்கொண்டு தடவினால் இன்னும் நன்றாகத் தெரியும். இந்த விளிம்பு மேடுதான் பூட்டு. மேடு இறங்காதவரை பள்ளம் ஏறாது. பின்னாலிருந்து எவ்வளவு வலுவாகத் தள்ளினாலும், தள்ளிய இடம் மட்டும் பரு போல் முன்னே வந்து நிற்கும். சுற்றிலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

ஆகவே முதலில் பிளாஸ்டிக் முனையுள்ள ஒரு குச்சியை மேட்டின் மேல் வைத்துச் சிறு சுத்தியலால் லேசாகத் தட்டி மேட்டைத் தணிக்க வேண்டும். பிறகு தகட்டின் பின்புறத்திலிருந்து, முனை வளைந்த உறுதியான எஃகுக் கம்பியால், ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மட்டுமே நகரும்படி நூற்றுக்கணக்கான முறை அழுத்த வேண்டும். ஒரே தள்ளில் முடியும் வேலை இல்லை இது.

ஜனவரி 10, மாலை

“முதலில் மேடு, பிறகு பள்ளம்” என்று காலையில் எழுதியதை அப்படியே வாய்ப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் மாறி மாறி நடக்கும். மேட்டை முழுவதும் தட்டி முடித்துவிட்டுத்தான் பள்ளத்துக்குப் போவேன் என்றால், மேடு இருந்த இடத்தில் வளையமாக ஒரு புதுப் பள்ளம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது.

ஜனவரி 14

கம்பியால் தள்ளினால் பெயின்ட் வெடிக்காதா என்று கேட்டிருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் பூசப்பட்ட பெயின்ட் பல அடுக்குகள் சேர்ந்தும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் தடிமன்தான். தலைமுடி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதன் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் அதற்குள் அடக்கம். சூளையில் வெந்த இந்தப் பூச்சு தகட்டை இறுகப் பிடித்திருப்பதோடு ஓரளவு வளைந்தும் கொடுக்கும். இடி வாங்கியபோது தகட்டோடு சேர்ந்து வளைந்து, உடையாமல் பிழைத்த பெயின்ட், அதே தகடு மெதுவாகத் திரும்பி வரும்போதும் பெரும்பாலும் பிழைத்துவிடும். வெடிப்பதற்குக் காரணங்கள் மூன்று: தகடு குளிர்ந்திருப்பது, கூரான முனையால் ஒரே இடத்தில் மிகையாக அழுத்துவது, இடி விழுந்தபோதே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருப்பது. குளிர்ந்த தகட்டைக் கைக்கு இதமாக இருக்கும் அளவுக்குச் சூடாக்கிக்கொள்வது நல்லது. ஹேர் டிரையருக்கு இங்கே நேர்மையான வேலை ஒன்று கிடைக்கிறது.

நான் இதைப் பழகியது கழித்துப்போட்ட ஒரு பானெட்டின் மேல். மரச் சட்டத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் நானே ஒடுக்குகளை உண்டாக்கி, நானே எடுக்க முயன்றேன். முதல் இரண்டு நாளும் ஓர் ஒடுக்கைக்கூட எடுக்கவில்லை. கம்பியின் முனை எங்கே இருக்கிறது என்பதையே தேடிக்கொண்டிருந்தேன். கை ஓரிடத்தில் இருக்கிறது, கண் முன்பக்கத்தில் இருக்கிறது, முனை தகட்டுக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. பள்ளத்தின் நடுவில்தான் முனை இருக்கிறது என்று நம்பி அழுத்தினால், மூன்று விரல் தள்ளிப் புது முடிச்சு ஒன்று எழும்பும்.

இதற்கு விடை விளக்குதான். நீளமான எல்இடி விளக்கையோ, கறுப்பு வெள்ளைக் கோடுகள் போட்ட பலகையையோ தகட்டில் பிரதிபலிக்கும்படி வைத்து, ஒடுக்கைப் பார்க்காமல் கோட்டின் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். சமமான தகட்டில் கோடு கோடாகவே தெரியும்; ஒடுக்கு இருக்கும் இடத்தில் வளைந்து, விரிந்து, குழம்பும். கம்பியை மிக மிக லேசாக அழுத்திக்கொண்டே நகர்த்தினால், முனை இருக்கும் இடத்தில் கடுகளவு ஒளிப்புள்ளி ஒன்று தோன்றி, முனையோடு கூடவே ஊர்ந்து வரும். அதை முதன்முதலாகக் கண்டபோது, சுவருக்கு அப்பால் நடப்பவரின் காலடி கேட்டதைப் போல இருந்தது. அந்தப் புள்ளியை ஒடுக்கின் ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு சிறு அழுத்தம், அதன் பக்கத்தில் இன்னொன்று என்று வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடுவை முதலில் தள்ள ஆசை வரும். தள்ளக் கூடாது.

ஜனவரி 15

9ஆம் தேதி எழுதிய “முடியாது” என்ற சொல்லைப் பாதி திரும்பப் பெறுகிறேன். கூரையில் ஒரு சாண் அகலத்துக்கு ஆழமில்லாமல் அமுங்கியிருந்த ஓர் இடம் சூடும் குளிர்ச்சியும் பட்டு “டப்” என்று எழும்பியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். அத்தகைய இடத்தில் தகடு நீண்டிருக்காது; பழைய எண்ணெய் டப்பாவின் அடி அமுங்கி நிற்பது போல, உள்ளே வெளியே என்ற இரண்டு நிலைகளில் ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கும். சிறு தூண்டுதல் போதும், குதித்து வெளியே வந்துவிடும். சூடோ, ரப்பர் உறிஞ்சுக் கிண்ணமோ, பின்னாலிருந்து ஒரு தட்டோ எதுவும் அந்தத் தூண்டுதலைத் தரும்.

காணொளிகளில் காட்டப்படும் ஒடுக்குகள் பெரும்பாலும் இந்த வகைதான் என்பது என் சந்தேகம். நாணய அளவில், நடுவில் கூராகக் குத்தியிருக்கும் ஒடுக்குக்கு இது பொருந்தாது. என் கணக்கு அதற்கு நிற்கிறது.

ஜனவரி 21

பின்னால் கை போகாத இடத்துக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில், பசை வைத்து இழுப்பது. இதில் என் கதை கொஞ்சம் வெட்கக்கேடானது.

முறை எளிது. ஒடுக்கின் மேல் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, காளான் வடிவப் பிளாஸ்டிக் குமிழ் ஒன்றின் தலையில் சூட்டுப் பசையைத் தடவி ஒட்ட வேண்டும். பசை ஆறியதும் குமிழின் தண்டைச் சிறிய இழுப்பானில் மாட்டி இழுக்க வேண்டும். குமிழ் விட்டு வரும்போது தகட்டையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வரும், சில நேரம் வேண்டியதைவிடக் கூடுதலாகவே வரும். அப்போது பிளாஸ்டிக் முனையால் தட்டிச் சமப்படுத்த வேண்டும். மிச்சமிருக்கும் பசையின் ஓரத்தில் அதே ஆல்கஹாலை விட்டால் தோல் உரிவது போல வந்துவிடும். நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை.

என் காரின் முன் மட்கார்டில் சக்கர வளைவுக்கு மேலே ஒரு சிறு ஒடுக்கு இருந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். நான்காவது இழுப்பில் குமிழ் வழக்கத்துக்கு மாறாக மிக எளிதாக வந்தது. கையில் திருப்பிப் பார்த்தால் குமிழின் தலையில் என் காரின் நிறத்தில் வட்டமாக ஒரு வில்லை. மட்கார்டில் அதே வட்டத்தில் சாம்பல் நிறம். பெயின்ட் அடிக்காமல் ஒடுக்கு எடுக்கப் போனவன் பெயின்ட் அடிக்க வேண்டிய ஒடுக்கோடு திரும்பினேன்.

ஜனவரி 22

பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தேன், ஒரு நாள் தாமதமாக. கதவுகளிலும் கூரையிலும் 110, 118, 125 மைக்ரான் என்று காட்டியது. உரிந்த மட்கார்டில் 290 முதல் 340 வரை. நான் வாங்குவதற்கு முன்பே அந்த மட்கார்டு ஒருமுறை அடிபட்டு மீண்டும் பெயின்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. பின்னால் அடிக்கப்படும் பெயின்ட் தொழிற்சாலைச் சூளையின் வெப்பத்தைப் பார்ப்பதில்லை. அதன் பிடிமானம் அடித்தவரின் பக்குவத்தைப் பொறுத்தது. அடியில் பட்டி இருந்தால் சொல்லவே வேண்டாம், பின்னாலிருந்து தள்ளினால்கூட உடையும்.

பழைய காரில் பசையைக் கையில் எடுப்பதற்கு முன் இந்த அளவைப் பார்த்துவிடவும். கருவி இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டில் வைத்து இழுத்துப் பாருங்கள். கனமான பட்டி இருக்கும் இடத்தில் காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும். என் மட்கார்டைப் போல 300 மைக்ரான் பெயின்டை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. நானே வைத்துப் பார்த்தேன், காந்தம் நன்றாகவே ஒட்டியது.

ஜனவரி 23

உரிந்து வந்த பெயின்ட் வில்லையை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டவருக்கு: ஆம், வைத்திருக்கிறேன். நிறம் பொருத்திப் பார்க்கப் பயன்படும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் கதவின் உட்பலகையைக் கழற்றிப் படம் அனுப்பியிருக்கிறார். நல்ல வேளையாக ஒடுக்கு கதவின் மேல் பாதியில், கைப்பிடிக்குக் கீழே இருக்கிறது. இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதவின் உட்புறம் வெளியே தெரிவதைப் போல வெறுமையானது அன்று.

வெளித்தகடு முக்கால் மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்டது. அதன் உள்முகத்தில் அதிர்வைக் குறைக்கும் தார் போன்ற ஒரு பட்டை ஒட்டப்பட்டிருக்கலாம். அதன் மேல் கம்பியை வைத்தால் அழுத்தம் மெத்தையில் அழுத்தியது போலப் பரவிவிடும். அந்த இடத்தைச் சூடாக்கி, பட்டையின் ஊடாகவே பொறுமையாக அழுத்துவதுண்டு. கதவின் குறுக்கே பக்கவாட்டு மோதலைத் தாங்கும் உறுதியான எஃகுத் தண்டு ஒன்று ஓடும். ஒடுக்கு சரியாக அதற்கு நேரே இருந்தால், தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் தட்டையான முனை மட்டுமே நுழையும். திமிங்கில வால் போல அகன்று மெலிந்த முனையுள்ள கம்பிகள் இதற்காகவே இருக்கின்றன. ஒடுக்கு கதவின் ஓரத்தில், தகடு மடித்து அழுத்தப்பட்ட விளிம்பில் இருந்தால் வீட்டில் முயல வேண்டாம் என்பேன். அங்கே தகடு ஓர் அடுக்கு அன்று.

உட்பலகையைக் கழற்றாமலும் வழி உண்டு. கண்ணாடியை இறக்கிவிட்டு, கண்ணாடிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே ஒரு காப்புத் தகட்டைச் செருகி, ரப்பர் பட்டையின் ஓரமாக ஆப்பு வைத்து இடைவெளியை விரித்து, அதன் வழியாகக் கம்பியை இறக்கலாம். காப்புத் தகடு இல்லாமல் இதைச் செய்தால் கம்பி நெம்பும்போது கண்ணாடியில்தான் சாயும். ஒடுக்குக்குப் பதில் உடைந்த கண்ணாடி. கதவுக்கு அடியில் இருக்கும் நீர் வடியும் துளைகளும் கம்பி நுழைய உதவும். புதிதாகத் துளை போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. துளையைச் சுற்றித் துருத்தடுப்புப் பூச்சு போய்விடும். ரப்பர் அடைப்பு வைத்து மூடினாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை.

காற்றுப் பை பற்றி ஒரு வார்த்தை. சில கார்களில் கதவுக்குள் மோதல் உணரி இருக்கும். கூரையின் பக்கவாட்டில் திரைக் காற்றுப் பை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்த பிறகே கம்பியை உள்ளே விடவும்.

பிப்ரவரி 3

பம்பருக்கும் இதே முறையா என்று கேட்டவருக்கு: இல்லை. அது பிளாஸ்டிக். கொதிக்கும் நீரை ஊற்றிவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள், வந்துவிடும். உடனே குளிர்ந்த நீரை ஊற்றினால் வடிவம் நிற்கும். தடித்த கையுறை அணியவும். கூராக மடிந்த இடத்தில் மட்டும் வெளிறிய கோடு நிற்கும், அது போகாது. சூடு வேலை செய்யும் என்ற நம்பிக்கை பம்பரிலிருந்து கிளம்பித்தான் கதவுக்குப் பரவியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 11

காந்தமே ஒட்டவில்லை, அவ்வளவு பட்டியா என்று பதறி ஒருவர் எழுதியிருக்கிறார். பானெட் முழுவதும் ஒட்டவில்லை என்றால் அது பட்டி இல்லை, அலுமினியம். 22ஆம் தேதிக் குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

அலுமினியத்தில் ஒடுக்கு எடுப்பது முற்றிலும் வேறு மனநிலையைக் கேட்கிறது. அதன் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் கம்பியால் தள்ளினால் நிறைய நகர்ந்தது போலத் தெரியும், கையை எடுத்ததும் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். போதவில்லை என்று இன்னும் வலுவாகத் தள்ளுவோம். ஒரு கட்டத்தில் சட்டென்று எல்லை தாண்டி மேடாகிவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கினால் அந்த இடம் இறுகி, பிறகு விரிசலுக்கு இடம் கொடுக்கும். இத்துறையில் கை தேர்ந்தவர்கள் அலுமினியத்தைச் சூடாக வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். நான் ஒரே ஒரு முறை முயன்றேன், பாதியில் நிறுத்தினேன். அந்தப் பாதியை வேறொருவர் முடித்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 12

மின்காந்தப் பெட்டி ஒன்றைத் தகட்டின் மேல் வைத்து இழுத்தால் ஒடுக்கு மறைகிறதே என்ற கேள்விக்கு: அது தூண்டு வெப்பம், அதாவது மின்காந்தத்தால் தகட்டிலேயே எழும் சூடு. மிகச் சிறிய இடத்தை நொடிகளில் சூடாக்குவதால், கூர் இல்லாத மென்மையான ஒடுக்கில் பலன் தரும். ஒரு நொடி கூடினால் பெயின்ட் கொப்புளிக்கும். “சூட்டால் முடியாது” என்பதை மூன்றாம் முறையாகத் திருத்துகிறேன்: ஹேர் டிரையர் சூட்டால் கூரான ஒடுக்கு வராது. இதற்கு மேல் திருத்த மாட்டேன்.

மார்ச் 1

கேள்வி கேட்டவரின் காரைப் போலவே என் காரின் பின் கதவிலும் ஓர் ஒடுக்கு இருந்தது; அதைப் போன வாரம் எடுத்தேன். நேரக் கணக்கைச் சொல்கிறேன், காணொளிகளில் இது வருவதில்லை. உட்பலகையைக் கழற்றி, விளக்கை நிறுத்தி, முனையைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். ஒடுக்கின் பத்தில் எட்டுப் பங்கை எடுக்க நாற்பது நிமிடம். மிச்சமிருந்த இரண்டு பங்குக்கு மூன்று மணி நேரம்.

அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் கெடுத்துக்கொண்டேன். பள்ளம் கிட்டத்தட்ட மறைந்த பிறகு, கோட்டின் பிம்பத்தில் ஊசி முனை அளவு சுளிப்பு ஒன்று தெரிந்தது. அதை எடுக்க அழுத்தினேன்; பக்கத்தில் மேடானது. மேட்டைத் தட்டினேன், தட்டிய இடத்துக்குக் கீழே பள்ளமானது. இப்படி ஒரே புள்ளியைச் சுற்றி மேலும் கீழுமாக விளையாடியதில் அந்த இடத்தின் தகடு நன்றாக நீண்டுவிட்டது. விரலால் லேசாக அழுத்தினால் “டிக்” என்று உள்ளே போய், விட்டதும் “டிக்” என்று வெளியே வந்தது. நீண்ட தகடு போக இடமின்றி அங்குமிங்கும் குதிக்கிறது. சுற்றியிருந்த இடங்களை மிக லேசாகத் தட்டித் தட்டி அந்த மிகையைப் பரப்பிவிட்ட பிறகு சத்தம் நின்றது. அதற்கே மூன்று மணி நேரத்தில் பாதி போயிற்று.

கடைசியாக நின்ற இரண்டு நுண்ணிய மேடுகளை 2500 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாள்) சில தேய்ப்புகள் தேய்த்து, மெருகுப் பசையால் பளபளப்பை மீட்டேன். இது எல்லோருக்கும் சொல்லும் வழி இல்லை. கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். அதிலிருந்து எடுத்ததை மீண்டும் வைக்க முடியாது. ஆரஞ்சுத் தோல் போன்ற இயல்பான சொரசொரப்பும் அந்த இடத்தில் மட்டும் வழவழப்பாகிவிடும். எதிர் வெயிலில் இடத்தைச் சரியாகத் தெரிந்து வைத்திருப்பவருக்கு அது தெரியும். எனக்குத் தெரிகிறது.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஹேர் டிரையரையும் பனிக்கட்டியையும் முயன்றே பார்த்திருக்கிறார், கதவு நனைந்தது. அதன் பிறகு கம்பியோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து ஒடுக்கைப் பாதிக்கு மேல் குறைத்திருக்கிறார். நடுவில் அரிசி அளவு பள்ளம் மிச்சம் இருக்கிறதாம், நடுவை நேராகத் தள்ளலாமா என்கிறார். இப்போது தள்ளலாம், ஓரங்கள் எல்லாம் ஏறிவிட்டன என்றால். விளக்கைச் சற்றுத் தொலைவில் நகர்த்தி வைத்துக்கொண்டு, உருண்டை முனையை விட்டுக் கூர்முனைக்கு மாறி, முனையின் மேல் ஒரு சுற்று நாடா சுற்றிக்கொண்டு அழுத்தவும். “டிக்” சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்தவும்.